உயிரோட எடுத்த மூளை ஸ்கேன், இறந்தப்புறம் எடுத்த ஸ்கேன்: புதுசா கம்பேர் பண்ண வர்றவங்களுக்கு

ஒரே ஆளோட மூளை, ரெண்டு ஸ்கேன். ஒண்ணு அவர் உயிரோட இருந்தப்போ எடுத்தது, இன்னொண்ணு இறந்ததுக்கு அப்புறம் எடுத்தது. ரெண்டையும் ஸ்க்ரீன்ல பக்கத்துப் பக்கத்துல திறந்து வச்ச உடனே வித்தியாசம் கொட்டிக் கிடக்கும், புதுசா வர்றவங்க அதுல பாதியை நோய்னு எழுதிடுவாங்க. பெரும்பாலும் அது நோய் இல்லைங்க, சாவும் குளிரும் ஃபார்மலினும் (திசு கெடாம இருக்க ஊற வைக்கிற ரசாயனக் கரைசல்) சேர்ந்து பண்ற வேலை. அதனால வித்தியாசம் கண்டுபிடிக்கிறது இதுல கஷ்டமே இல்லை, கண்டுபிடிச்ச ஒவ்வொண்ணையும் யார் கணக்குல எழுதணும்னு பிரிக்கிறதுதான் கஷ்டம்.

எத்தனை கணக்குன்னு கேட்டா குறைஞ்சது அஞ்சு. கடைசி ஸ்கேனுக்கும் சாவுக்கும் நடுவுல நோயும் வயசும் பண்ணினது ஒண்ணு. கடைசி மணி நேரங்கள்ல, அதாவது மூச்சுத் திணறல், ஆக்சிஜன் குறைஞ்சது, வென்டிலேட்டர்ல இருந்தது, இதெல்லாம் பண்ணினது ரெண்டு. இறந்தப்புறம் ரத்த ஓட்டம் நின்னு உடம்பு குளிர்ந்தது மூணு. மூளையை வெளியே எடுத்து ஃபார்மலின்ல போட்டது நாலு. மெஷினும் செட்டிங்கும் மாறினது அஞ்சு. இதை ஒரு பேப்பர்ல எழுதி ஸ்க்ரீன் பக்கத்துல ஒட்டி வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வேணும்.

எதுக்கு இந்தப் பாடுன்னு கேப்பீங்க. உயிரோட எடுக்கிற எம்ஆர்ஐல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா அது உண்மையில என்னன்னு அந்த ஸ்கேனை மட்டும் வச்சு முழுசா சொல்ல முடியாது, மைக்ராஸ்கோப்ல பாத்தாதான் தெரியும், ஆனா மைக்ராஸ்கோப்புக்குப் போற துண்டு அந்தப் புள்ளியிலேர்ந்துதான் வந்துச்சுன்னு நிரூபிக்கணும்ல, அதுக்குப் பாலம்தான் இறந்தப்புறம் எடுக்கிற ஸ்கேன். சிகாகோல ரஷ் யுனிவர்சிட்டி 1994லயும் 1997லயும் ஆரம்பிச்ச ரெண்டு பெரிய ஆய்வுகள்ல சேர்றவங்க உயிரோட இருக்கும்போதே மூளை தானத்துக்கு ஒத்துக்கிட்டுதான் சேர்றாங்க. 1985ல ஆரம்பிச்ச நெதர்லாந்து பிரெயின் பேங்க் (தானமா வந்த மூளைகளைச் சேத்து வைக்கிற இடம்) இறந்து சில மணி நேரத்துலயே உடற்கூறாய்வு முடிக்கிறதுக்குப் பேர் போனது. இப்படிப்பட்ட இடங்கள்லேர்ந்து வர்ற டேட்டாலதான் புதுசா வர்றவங்க பெரும்பாலும் கை பழகுவீங்க.

ஸ்டெப் 1: கையில இருக்கிறது எந்த வகைன்னு முடிவு பண்ணுங்க

இறந்தப்புறம் எடுத்த ஸ்கேன்னு பொதுவா சொன்னாலும் ரெண்டு வகை. மூளை மண்டையோட்டுக்குள்ளயே இருக்கும்போது எடுக்கிறது இன் சிட்டு. வெளியே எடுத்து டப்பால வச்சு எடுக்கிறது எக்ஸ் விவோ. இன் சிட்டுல மூளையோட வடிவம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், கலர்தான் (அதாவது பிரைட்னஸ்) மாறியிருக்கும். எக்ஸ் விவோல வடிவம், கலர் ரெண்டுமே மாறியிருக்கும். உங்களுக்குச் சாய்ஸ் இருந்தா இன் சிட்டு எடுங்க, முடிஞ்சா ரெண்டும் எடுங்க, ஏன்னா நடுவுல இன் சிட்டு இருந்தா மேல சொன்ன மூணாவது கணக்கையும் நாலாவது கணக்கையும் தனித்தனியா பிரிச்சிடலாம், இல்லைன்னா ரெண்டும் ஒண்ணா குழம்பிடும்.

ஸ்டெப் 2: ஸ்கேனைத் திறக்குறதுக்கு முன்னாடி தகவல் சேருங்க

இதை எல்லாரும் தள்ளிப் போடுவாங்க, தள்ளிப் போடாதீங்க. கடைசியா உயிரோட ஸ்கேன் எடுத்த தேதி, இறந்த தேதி நேரம், எப்படி இறந்தாங்க, இறந்து எத்தனை மணி நேரத்துல குளிர்ல வச்சாங்க, எத்தனை மணி நேரத்துல ஸ்கேன், ஸ்கேன் அப்போ டெம்பரேச்சர் என்ன, ஃபார்மலின்ல எத்தனை நாள், ரெண்டு தடவையும் மெஷின் (காந்தத்தோட பலம்) 1.5 டெஸ்லாவா 3ஆ 7ஆ. இதுல ஏதாவது ஒண்ணு கிடைக்கலைன்னா "தெரியலை"ன்னே எழுதுங்க, குத்துமதிப்பா நிரப்பாதீங்க.

தேதி ஏன் முக்கியம்னா, வயசான ஆரோக்கியமான ஆளுக்கே வருஷத்துக்கு அரை சதவீதம் அளவுக்கு மூளை சுருங்கும், அல்சைமர்ல அது சுமார் ரெண்டு சதவீதம் வரைக்கும் போகும், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில இன்னும் வேகம். நாலு வருஷம் முன்னாடி எடுத்த ஸ்கேனை வச்சுக்கிட்டு "இறந்தப்புறம் மூளை 6 சதவீதம் சுருங்கிடுச்சு"ன்னு சொன்னா அது முழுக்க முதல் கணக்காவே இருக்கலாம்.

பர்மிஷன் விஷயத்தையும் இங்கயே முடிச்சிடுங்க. தானம் கொடுத்தவரோ குடும்பமோ கையெழுத்துப் போட்டது உடற்கூறாய்வுக்கு மட்டுமா, ஸ்கேனுக்குமா, பழைய ஸ்கேனை எடுத்துப் பாக்குறதுக்குமா, தனித்தனியா பாருங்க. உயிரோட எடுத்த ஸ்கேன்ல முகம் இருக்கும், அதை 3டியா ரெண்டர் பண்ணினா ஆளை அடையாளம் கண்டுபிடிச்சிடலாம், அதனால யாருக்காவது ஃபைலை அனுப்புறதுக்கு முன்னாடி முகத்தை அழிச்சிடணும்.

ஸ்டெப் 3: நீங்களே ஸ்கேன் எடுக்கிறதா இருந்தா

இறந்தவர்தானேன்னு மெட்டல் செக்கை விட்டுடாதீங்க. காந்தத்துக்கு உயிர் இருக்கா இல்லையான்னு தெரியாது. பாடி பேக்ல மெட்டல் ஜிப் இருக்கும், ஈசிஜி ஸ்டிக்கர் ஒட்டினபடியே வரும், பேஸ்மேக்கர் இருக்கலாம். பிளாஸ்டிக் ஜிப் பேக், கசியாத மாதிரி ரெண்டு லேயர். டெம்பரேச்சர் எழுதிக்கோங்க. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த டப்பாவை நேரா மெஷின்ல வைக்காதீங்க, ரூம் டெம்பரேச்சருக்கு வரட்டும், இல்லைன்னா பல மணி நேரம் ஓடுற ஸ்கேன் நடுவுல மூளை மெதுவா சூடாகிக்கிட்டே போகும், முதல் சீக்வன்ஸும் (ஒரு வகைப் படம் எடுக்கிற ஒரு ஓட்டம்) கடைசி சீக்வன்ஸும் ரெண்டு வேற டெம்பரேச்சர்ல எடுத்ததா ஆயிடும்.

ஒரு பெரிய வசதி என்னன்னா அசையாது. மூச்சு இல்லை, துடிப்பு இல்லை. அதனால எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுக்கலாம். 2019ல வெளியான ஒரு டேட்டாசெட்ல, 58 வயசுல இறந்த ஒரு பெண்மணியோட மூளையை 7 டெஸ்லா மெஷின்ல கிட்டத்தட்ட 100 மணி நேரம் ஸ்கேன் பண்ணி 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு நுணுக்கமா எடுத்தாங்க. உயிரோட இருக்கிறவரை 100 மணி நேரம் படுக்க வைக்க முடியுமா சொல்லுங்க.

ஸ்டெப் 4: சாவும் குளிரும் பண்றதை கண்ணுக்குப் பழக்குங்க

இதுதான் மொத்த வேலையோட இதயம், இங்க நேரம் செலவு பண்ணுங்க.

டி1ல ஆரம்பிக்கலாம். டி1, டி2ங்கிறது காந்தத்துல தூண்டின திசு பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கிற ரெண்டு வகை நேரம், அதை வச்சு எடுக்கிற எம்ஆர்ஐ படத்துக்கும் அதே பேர்தான். டெம்பரேச்சர் குறைஞ்சா திசுவோட டி1 நேரமும் குறையும், டி2 அவ்வளவா ஆடாது. அதனால குளிர்ந்த உடம்புல டி1 படத்துல கிரே மேட்டருக்கும் (நரம்பு செல்கள் இருக்கிற பகுதி) ஒயிட் மேட்டருக்கும் (நரம்பு இழைகள் ஓடுற பகுதி) நடுவுல இருக்கிற வித்தியாசம் மங்கிப் போகும். கார்டெக்ஸ் (மூளையோட வெளி அடுக்கு) தடிமனை சாஃப்ட்வேர் அளக்கிறது இந்த பார்டரை வச்சுத்தான், அப்ப பார்டர் மங்கினா தடிமன் நம்பரும் நகரும், திசு ஒரு மைக்ரான் கூட மாறாம.

ஃப்ளேர்ங்கிற எம்ஆர்ஐ படம்தான் புதுசா வர்றவங்களை அதிகம் ஏமாத்துறது. ஃப்ளேர்ல மூளைத் தண்ணி கருப்பா தெரியணும், அதுக்காக ஒரு குறிப்பிட்ட காத்திருப்பு நேரம் செட் பண்ணியிருப்பாங்க, அந்த நேரம் தண்ணியோட டி1ஐ வச்சு கணக்கு பண்ணினது, 37 டிகிரில இருக்கிற உடம்புக்கு. இறந்தப்புறம் குளிராலயும், செல்கள் உடைஞ்சு புரோட்டீன் தண்ணில கலக்கிறதாலயும் அந்த டி1 குறைஞ்சிடும், மெஷின் பழைய நேரத்தையே வச்சிருக்கும், தண்ணி கருப்பாகாம சாம்பலாவோ வெள்ளையாவோ நிக்கும். அதைப் பாத்து மூளையைச் சுத்தி ரத்தக்கசிவுன்னோ, வென்ட்ரிக்கிளை (மூளைக்குள்ள தண்ணி இருக்கிற அறை) சுத்தி புதுசா வெள்ளைப் புண்ணுன்னோ எழுதிடாதீங்க. நீங்களே ஸ்கேன் எடுக்கிறதா இருந்தா காத்திருப்பு நேரத்தை குறைச்சு குறைச்சு ரெண்டு மூணு டெஸ்ட் எடுத்து, தண்ணி கருப்பாகுற இடத்துல நிறுத்துங்க.

டிஃப்யூஷன் ஸ்கேன்ல இன்னும் பெரிய அடி. தண்ணி மூலக்கூறு எவ்வளவு சுலபமா நகருதுன்னு அளக்கிற ஸ்கேன் இது. வெறும் தண்ணிக்கே 37 டிகிரில சுமார் 3 யூனிட் இருக்கிற நம்பர் (மில்லி செகண்டுக்கு சதுர மைக்ரான்), 5 டிகிரில சுமார் 1.3க்கு இறங்கிடும். அதுக்கு மேல, சக்தி தீர்ந்து போன செல்கள் வீங்கி தண்ணியை அடைச்சு வச்சுக்கும். உயிரோட இருக்கிறவருக்கு ஸ்ட்ரோக் வந்தா மூளையோட ஒரு பகுதியில நடக்கிறது இங்க முழு மூளையிலயும் நடந்திருக்கும், அதனால சாகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்த உண்மையான ஸ்ட்ரோக்கை டிஃப்யூஷன்ல மட்டும் பாத்துப் பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம். நரம்பு இழைகள் எந்தத் திசையில ஓடுதுங்கிற தகவல் ஓரளவு தாங்கும், நம்பர் தாங்காது.

எஸ்டபிள்யூஐ, டி2 ஸ்டார் மாதிரி ரத்தத்துக்கு சென்சிட்டிவான படங்கள்ல எல்லா ரத்தக் குழாயும் கருகருன்னு தெரியும், ஏன்னா ரத்தத்துல ஆக்சிஜன் மிச்சமில்லை. ஓட்டத்தை நம்பி எடுக்கிற ஆஞ்சியோகிராம்ல ஒண்ணுமே வராது, அதைப் பாத்து அடைப்புன்னு சொல்ல முடியாது. மல்லாந்து படுத்திருக்கிற உடம்புல ரத்தம் பின்பக்கமா இறங்கி தேங்கும், அதனால சிடில தலையோட பின்பக்க சைனஸ்கள் (மூளையிலேர்ந்து ரத்தம் வடியுற பெரிய குழாய்கள்) வெள்ளையா அடர்த்தியா தெரியும், உயிரோட இருக்கிறவருக்கு அப்படித் தெரிஞ்சா ரத்தம் உறைஞ்சிருக்குன்னு ஓடுவோம், இங்க அது புவியீர்ப்பு. சிடிலயே கிரே ஒயிட் பார்டர் மங்குறதும் மடிப்புகள் நெருங்கி மூளை வீங்கின மாதிரி தெரியுறதும் சகஜம். நேரம் ரொம்பப் போயிட்டா அழுகல் வாயு குழாய்களுக்குள்ள வரும்.

ஃபங்ஷனல் எம்ஆர்ஐ எடுக்கலாமான்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க. செத்துப் போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனர்ல வச்சு மனுஷங்க ஃபோட்டோ காட்டி, திருத்தம் எதுவும் பண்ணாம ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டா மீன் மூளை "வேலை செய்யுது"ன்னு புள்ளி வந்துச்சு, 2009ல அதைப் போஸ்டரா வச்சாங்க, 2012ல இக் நோபல் பரிசும் கிடைச்சது. செத்த மீன் யோசிக்கலை, ஆயிரக்கணக்கான இடத்துல ஒரே நேரத்துல டெஸ்ட் போட்டா நாலஞ்சு இடத்துல சும்மாவே பாசிட்டிவ் வரும். உங்க கம்பேரிசனையும் வாக்சல் வாக்சலா (வாக்சல்னா படத்தோட குட்டி 3டி கட்டம்) போடப் போறீங்கன்னா இந்த மீனை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஸ்டெப் 5: எக்ஸ் விவோவா இருந்தா ஃபார்மலினையும் காத்தையும் கணக்குல எடுங்க

ஃபார்மலின் வெளியிலேர்ந்து உள்ளே மெதுவா இறங்கும், முழு மூளைக்கு வாரக் கணக்குல ஆகும். நடுவுல ஸ்கேன் எடுத்தா உள்ளே ஒரு வளையம் மாதிரி பார்டர் தெரியும், அது நோயும் இல்லை உறுப்பும் இல்லை. முழுசா இறங்கினப்புறம் டி1, டி2 ரெண்டுமே குறைஞ்சிருக்கும், டி1 படத்துல கிரே ஒயிட் வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமப் போகும், சில சமயம் தலைகீழாவும் மாறும். உப்புக் கரைசல்ல ஊற வச்சா டி2 ஓரளவு திரும்பும். டிஃப்யூஷன் எடுக்கணும்னா உயிரோட எடுக்கிறப்போ வைக்கிற பி வேல்யூ (டிஃப்யூஷனுக்கு ஸ்கேன் எவ்வளவு சென்சிட்டிவ்னு சொல்ற செட்டிங்) 1000 எல்லாம் பத்தாது, 4000, அதுக்கு மேலயும் போக வேண்டியிருக்கும்.

காத்துக் குமிழி தனித் தலைவலி. மடிப்புக்குள்ளயும் வென்ட்ரிக்கிள்லயும் குழாய்க்குள்ளயும் மாட்டிக்கிட்ட குமிழி, டி2 ஸ்டார் படத்துல சின்ன ரத்தக்கசிவு மாதிரியே கருப்பு வட்டமா தெரியும். டப்பாவை மூடுறதுக்கு முன்னாடி வேக்குவம் போட்டு எடுக்கணும், சுத்தி சிக்னல் தராத ஃப்ளோரின் எண்ணெய் (ஃபோம்ப்ளின் மாதிரி) ஊத்தினா பேக்ரவுண்டும் கருப்பா இருக்கும். அப்பவும் சந்தேகம்னா டப்பாவைத் திருப்பி வச்சு இன்னொரு தடவை எடுங்க. இடம் மாறினா குமிழி. ஆனா மாறலைன்னா உடனே ரத்தக்கசிவுன்னு முடிவு கட்டிடாதீங்க, குழாய்க்குள்ள சிக்கினது நகராது.

வடிவமும் மாறும். தண்ணியும் மண்டையோடும் தாங்காததால, நல்லா பழுத்த பழத்தைத் தட்டுல வச்ச மாதிரி மூளை கீழ்ப்பக்கம் தட்டையாயிடும், வென்ட்ரிக்கிள்கள் அமுங்கி சின்னதாகும், மூளைத்தண்டு வளையும். உயிரோட எடுத்ததுல பெருசா இருந்த வென்ட்ரிக்கிள் எக்ஸ் விவோல சின்னதா இருக்கேன்னு யாராவது "நோய் சரியாயிடுச்சு"ன்னு நினைக்க மாட்டாங்க, ஆனா வென்ட்ரிக்கிள் அளவை டேபிள்ல போட்டு சராசரி எடுத்துட்டாங்கன்னா யாருக்கும் தெரியாது.

ஸ்டெப் 6: இடது வலது

சின்ன ஸ்டெப், பெரிய ஆபத்து. ஸ்கேனருக்கு டப்பால இருக்கிற மூளை எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்குன்னு தெரியாது, ஆள் மல்லாந்து படுத்திருக்கார்னு நினைச்சு ஹெடர்ல (ஃபைலோட தகவல் பகுதி) எழுதிடும். அதை நிஃப்டிங்கிற ஃபைல் வகைக்கு மாத்தி சாஃப்ட்வேர்ல திறந்தா இடது வலதா காட்டும், மூளை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதால கண்ணுக்கும் தெரியாது. டப்பாவோட ஒரு பக்கத்துல விட்டமின் ஈ கேப்ஸ்யூல் ஒட்டுங்க, ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியும். பல பிரெயின் பேங்க்ல ஒரு பாதியை ஃப்ரீஸ் பண்ணிட்டு ஒரு பாதியை மட்டும் ஃபார்மலின்ல போடுவாங்க, அப்ப எந்தப் பாதின்னு பேப்பர்லயும் பாருங்க.

ஸ்டெப் 7: ஒண்ணு மேல ஒண்ணு பொருத்துறது

முதல்ல ரிஜிட், அதாவது நகர்த்துறதும் திருப்புறதும் மட்டும், ஆறு நம்பர். இன் சிட்டுக்கு இதுவே முக்கால்வாசி போதும், மண்டையோடு அதேதானே. பிரைட்னஸ் மாறியிருக்கிறதால ரெண்டு படத்தோட வெளிச்சத்தை நேரா கழிச்சுப் பாக்குற முறையை விட்டுட்டு மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் முறையைப் (வெளிச்சம் வேற வேறயா இருந்தாலும் ஒரு படம் இன்னொண்ணைப் பத்தி எவ்வளவு சொல்லுதுன்னு பாக்குறது) போடுங்க. சாஃப்ட்வேர் எஃப்எஸ்எல், ஆன்ட்ஸ், ஃப்ரீசர்ஃபர், எது கை பழகியிருக்கோ அது. எக்ஸ் விவோல மண்டையோட்டை நீக்குற ஆட்டோமேட்டிக் டூல்கள் தடுமாறும், மண்டையோடே இல்லையே, மாஸ்க்கை கையால வரைஞ்சிடுங்க. பாதி மூளைன்னா உயிரோட எடுத்ததையும் பாதியா வெட்டிக்கிட்டு அப்புறம் பொருத்துங்க.

எக்ஸ் விவோ நெளிஞ்சிருக்கிறதால நான் லீனியர் வார்ப் (இடத்துக்கு இடம் வேற மாதிரி இழுத்து நெளிச்சுப் பொருத்துறது) தேவைப்படும், ஆனா இங்கதான் உஷார். வார்ப்போட வேலையே வித்தியாசத்தை இல்லாம ஆக்குறது, அது நெளிவையும் சரி பண்ணும், நீங்க தேடுற சுருக்கத்தையும் சேத்து சரி பண்ணிடும், அப்புறம் "வித்தியாசமே இல்லை"ன்னு எழுதுவீங்க. என் அபிப்ராயம், வார்ப்பை இடம் கண்டுபிடிக்க மட்டும் யூஸ் பண்ணுங்க, அளவை வார்ப் பண்ணாத ஒரிஜினல் படத்துல தனியா அளந்துக்கோங்க.

பகுதி பிரிக்கிறதுக்கு, உயிரோட எடுத்த டி1ஐ எதிர்பார்க்கிற வழக்கமான ப்ரோக்ராமை ரெண்டுக்கும் ஓட்டாதீங்க. கான்ட்ராஸ்ட் எதுவா இருந்தாலும் வேலை செய்யுற சின்த்செக் மாதிரி டூலை ரெண்டு ஸ்கேனுக்கும் ஓட்டி, எக்ஸ் விவோ ரிசல்ட்டை கண்ணால ஸ்லைஸ் ஸ்லைஸா செக் பண்ணுங்க.

ரெசல்யூஷனையும் சமமாக்குங்க. 1 மில்லிமீட்டர் வாக்சலுக்குள்ள 0.2 மில்லிமீட்டர் வாக்சல் 125 அடங்கும். இறந்தப்புறம் தெரியுற குட்டிப் புண் புதுசா வந்ததா இல்லை முன்னாடியே இருந்து தெரியாமப் போச்சான்னு பாக்கணும்னா, பின்னாடி எடுத்ததை 1 மில்லிமீட்டருக்குக் கரைச்சுட்டு அப்பவும் தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா அஞ்சாவது கணக்கு.

ஸ்டெப் 8: எதை நம்பலாம்

இடத்தை நம்பலாம். பழைய ஸ்ட்ரோக்கோட தழும்பு, ஆபரேஷன்ல எடுத்த ஓட்டை, இதெல்லாம் ரெண்டுலயும் அதே இடத்துல இருக்கும். ஹிப்போகேம்பஸ் மாதிரி பகுதியோட அளவை எச்சரிக்கையா நம்பலாம். பிரைட்னஸை, டி1 டி2 நம்பரை, டிஃப்யூஷன் நம்பரை நேருக்கு நேர் வைக்கவே கூடாது. அதை கம்பேர் பண்ணியே ஆகணும்னா, அதே மாதிரி இறந்து அதே மாதிரி பக்குவப்படுத்தின, நோய் இல்லாத இன்னொருத்தரோட மூளையை வச்சுத்தான் பாக்கணும்.

இந்த வேலை சரியா நடந்தா என்ன கிடைக்கும்ங்கிறதுக்கு ஹெச்.எம். கேஸ்தான். ஹென்றி மொலைசன், 1953ல வலிப்புக்காக ரெண்டு பக்க ஹிப்போகேம்பஸ் பகுதியையும் எடுத்து, அதுக்கப்புறம் புது ஞாபகமே சேராமப் போனவர். எடுத்தது 8 சென்டிமீட்டர்னு ஆபரேஷன் பண்ண ஸ்கோவில் எழுதியிருந்தார், உயிரோட எடுத்த எம்ஆர்ஐ 1997ல வெளியானப்போ அது சுமார் 5தான்னு தெரிஞ்சது. 2008 டிசம்பர்ல இறந்த உடனே பாஸ்டன்ல மூளை உள்ளே இருக்கும்போதே சுமார் 9 மணி நேரம் ஸ்கேன், அப்புறம் வெளியே எடுத்து ஃபார்மலின்ல போட்டு இன்னொரு ஸ்கேன், அப்புறம் 2009ல சான் டியாகோல 70 மைக்ரான் தடிமன்ல 2401 துண்டா வெட்டினாங்க. 2014ல வெளியான பேப்பர்ல, இடது பக்க முன்மூளையோட அடிப்பகுதியில அதுவரைக்கும் யாரும் சொல்லாத ஒரு சின்னப் புண்ணும் வெளிய வந்துச்சு. உயிரோட, இன் சிட்டு, எக்ஸ் விவோ, துண்டு, நாலும் வரிசையா இருந்ததாலதான் அதைக் குமிழியோ ஃபார்மலினோன்னு ஒதுக்க முடியலை.

ஸ்டெப் 9: பேத்தாலஜிஸ்ட்டுக்கு அனுப்புறது

ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எந்தக் கணக்குலயும் சேராம ஒரு வித்தியாசம் மிச்சம் நின்னா, அதோட இடத்தை ஸ்கேன்ல மார்க் பண்ணி, மேற்பரப்புல எந்த மடிப்புலேர்ந்து எத்தனை மில்லிமீட்டர் உள்ளேன்னு எழுதி, படத்தோட சேத்து வெட்டுறதுக்கு முன்னாடியே கொடுங்க. ஸ்கேன் ஸ்லைஸ் போன அதே திசையில வெட்டச் சொல்லுங்க, இல்லைன்னா அப்புறம் ரெண்டையும் பொருத்துறதுக்குள்ள கண்ணு போயிடும். வெட்டின ஒவ்வொரு தகட்டையும் ஸ்கேல் வச்சு ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க, அந்த ஃபோட்டோவையும் ஃபைல் பேர்லயே எந்தப் பாதி, எத்தனாவது தகடுன்னு போட்டு ஸ்கேன் இருக்கிற ஃபோல்டர்லயே வச்சிடுங்க.